கோனெங்கின் மஞ்சள்

பாம்புக்கு உடம்பு சரியில்லை என்றால் அது இருமாது. முனகாது. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. கொடியில் போட்ட துணி மாதிரி கொம்பின் மேல் மடிந்து மடிந்து தொங்கும். சுருளின் நடுவில் தலையை வைத்துக்கொண்டு சும்மா பார்க்கும். அவ்வளவுதான்.

அதனால்தான் சோபாந்தி அன்று காலை கண்ணாடிப் பெட்டியின் முன் வேர்த்துப்போய் நின்றார். பாண்டுங்கின் மலைக் குளிரில், ஓட்டின் மேல் மழை சடசடத்துக்கொண்டிருக்கும்போது, வேர்த்தார்.

நேற்று வரை கோனெங் தலை முதல் வால் வரை பூசணிப்பூ நிறம். கோனெங் என்றாலே அவர்களுடைய சுந்தா பேச்சில் மஞ்சள்தான். இன்று அதன் முதுகில் பச்சை.

"போச்சு," என்றார் வாய்விட்டு. "என் கதை முடிஞ்சுது."

பாம்பு அவருடையது இல்லை. அவர் மனைவி நினிங்கின் மகள் யூயூனுடையது. நினிங்கின் முதல் கணவர் இறந்து வெகுகாலம் கழித்து, நாற்பத்தெட்டு வயதில் மாப்பிள்ளையாகி அந்த வீட்டுக்குள் வந்தவர் சோபாந்தி. வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. யூயூன் அவரிடம் குறையே சொல்ல முடியாத மரியாதையோடு நடந்துகொண்டாள். குறையே அதுதான். அவர் அவளை மகளே என்கிற மாதிரி 'நெங்' என்பார், அவள் 'மாங்' என்று கூப்பிடுவாள். சித்தப்பா முறை. ஆனால் ஆங்கோட் என்கிற ஷேர் வேன் ஓட்டுகிறவரை பாண்டுங் முழுக்க அப்படித்தான் கூப்பிடும். "ஓரமா நிறுத்துங்க மாங்" என்று இறங்கிப் போகும் பயணிகளும் மாங் என்கிறார்கள், வீட்டில் இவளும் மாங் என்கிறாள். இருபது வருடமாக வேன் ஓட்டும் சோபாந்திக்கு வீட்டுக்கு வந்தபிறகும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது.

அந்த யூயூன் முதல்முறையாக அவரிடம் ஒன்று கேட்டாள்.

கல்லூரி கடைசி வருடத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்த் தங்கிச் சேவை செய்தாக வேண்டும். யூயூனின் குழுவுக்குத் தெற்குக் கடற்கரையில் ஒரு மூலைக் கிராமம். ஒரு மாதத்துக்கும் மேலே. கோனெங்கை நண்பன் ஒருவன் வீட்டில் விட ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் அவன் வீட்டுப் பாம்புகளுக்கு உண்ணி பிடித்துவிட்டது. நினிங்கோ பாம்பு இருக்கும் அறை வாசலைக்கூட ஓடித்தான் கடப்பாள்.

"உங்களால முடியுமா மாங்?"

"இதுல என்ன நெங், வேனே ஓட்டறேன், பாம்பை ஓட்ட மாட்டேனா?" என்றார் சோபாந்தி. வாழ்நாளில் பாம்பைச் செருப்பால்தான் அறிந்திருந்தார்.

அவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொடுத்தாள். வெளியே எடுத்தே ஆகணும்னா கொம்போட எடுங்க, கொம்பை விட்டுப் பிரிக்காதீங்க. வாலைப் பிடிச்சு இழுத்தா எலும்பு கோணிக்கும், அப்புறம் நிமிராது. சாயங்காலம் தண்ணி தெளிங்க, தட்டுல குடிக்காது, தன் உடம்புல நிக்கற சொட்டைத்தான் குடிக்கும். எலிக்குஞ்சைச் சில்லுன்னு நீட்டினா மூஞ்சியக்கூடத் திருப்பாது, வெதுவெதுன்னு இருந்தாத்தான் அதுக்குக் கண்ணு தெரியும். வெள்ளிக்கிழமைதான் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறி சிக்னல் பிடிப்பேன், அன்னிக்குக் கட்டாயம் போட்டோ அனுப்புங்க.

எல்லாம் சொன்னாள். பச்சையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

*

முதல் வெள்ளிக்கிழமை எந்தச் சிக்கலும் இல்லை. சோபாந்தி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து இடமிருந்து, வலமிருந்து, கீழே உட்கார்ந்து, ஸ்டூலில் ஏறி, ஏகப்பட்ட படம் எடுத்தார். நல்லதாக ஒன்றை அனுப்பினார். யூயூன் இதயம் போட்டு, "நன்றி மாங்" என்று எழுதியிருந்தாள். அந்த இதயம் பாம்புக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பச்சை தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அது முதுகில் கைக்குட்டை அளவுக்குப் பரவிவிட்டது.

போனில் 'பாம்புத் தோல் நோய்' என்று தட்டிப் பார்த்தார். வந்த படங்களைப் பார்த்து அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. செதில் அழுகிய பாம்பு, வாய் அழுகிய பாம்பு, தோல் உரிந்து நார் நாராகத் தொங்கிய பாம்பு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இப்போது யூயூனுக்கு என்ன படத்தை அனுப்புவது?

கையில் பழைய படங்கள் இருந்தன. ஸ்டூலில் ஏறி எடுத்ததை அனுப்பினார். மஞ்சள் மஞ்சளென்று ஜொலித்தது.

பதில் உடனே வந்தது. "இன்னும் மஞ்சளாவா இருக்கான்! சூப்பர்! நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கணும்னு அவன் காதுல சொல்லுங்க மாங்!"

சோபாந்தி வேனை ஓரமாக நிறுத்திவிட்டார். பின்னாலிருந்த பயணி, "என்ன மாங், டயர் பஞ்சரா?" என்று கேட்டார்.

"இல்ல. மனசு."

அப்படியே இருக்கணுமாம். மஞ்சள் குறையக் கூடாதாம். ஒரு பெண் நம்மை நம்பி ஒப்படைத்தது ஒரே ஒரு ஜீவன். அதையும் பூசணம் பிடிக்க விட்டாயிற்று.

பாவத்துக்குப் பரிகாரம் போல எலிக்குஞ்சு விஷயத்தில் இரண்டு மடங்கு கவனமானார். நினிங் வீட்டு முன்னறையில் அழகு நிலையம் நடத்துகிறாள். அங்கே தலை உலர்த்தும் மெஷின் இருந்தது. உறைந்த குஞ்சை வெந்நீரில் போட்டு இளக்கி, அதன் பின் மெஷினால் சூடு காட்டி இடுக்கியில் பிடித்து நீட்டினால் கோனெங் அம்பு மாதிரிப் பாய்ந்து பிடித்தான். பசி மட்டும் நன்றாகவே இருந்தது. நோயாளிக்கு இவ்வளவு பசியா என்று அவர் யோசித்திருக்கலாம். பயந்தவனுக்கு யோசனை ஏது?

"காங், மெஷினை எங்க வெச்சீங்க?" என்று மத்தியானத்தில் நினிங் தேடுவாள். கணவரை அவள் 'காங்' என்றுதான் கூப்பிடுவாள்.

"இதோ, இதோ. சட்டை காயலைன்னு எடுத்தேன்."

ஒருநாள் வாடிக்கையாளர் ஒரு அம்மா நாற்காலியில் மூக்கை உறிஞ்சினார். "ஏன் நினிங், புது ஷாம்பூவா? என்னமோ ஒரு மாதிரி மணக்குதே."

"கடற்பாசி ஷாம்பூக்கா," என்றாள் நினிங் வாய் கூசாமல். திரும்பிக் கணவரைப் பார்த்த பார்வையில் மட்டும் மெஷினின் முழுச் சூடும் இருந்தது.

*

பறவைச் சந்தையில் ஹாஜி சுப்ரி என்று ஒரு பழைய வியாபாரி. பாட்டுப் பறவைகளின் இருமலை வைத்தே வயதைச் சொல்வார் என்று பேர். சோபாந்தி அவரிடம் போனில் படத்தைக் காட்டினார்.

ஹாஜி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பாசி."

"பாம்புக்குப் பாசியா?"

"பின்ன? இந்த மழைக்கு நம்ம மசூதிச் சுவரே பச்சையாகுது. தினமும் தண்ணி வேற தெளிக்கறேங்கறே. பாம்பு என்ன இரும்பா?"

"ஐயோ. இப்ப என்ன பண்றது?"

"வெயில் காட்டு. காலை வெயில். என் பறவைங்களுக்கு நான் காட்டல? இறகு எப்படிப் பளபளங்குது பாரு!"

பாண்டுங்கில் பறவை வளர்க்காத தெரு இல்லை. காலையில் கூண்டை வெளியே மாட்டி வெயில் காட்டாத வீடு இல்லை. சோபாந்திக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது. மருந்தில்லை, ஊசியில்லை, வெயில்தானே!

மறுநாள் மழை விட்டிருந்தது. சொல்லிக்கொடுத்தபடி கொம்போடு கோனெங்கைத் தூக்கிக்கொண்டு போய், முற்றத்தில் கூண்டு மாட்டும் கம்பியில் கொம்பைக் குறுக்கே வைத்துக் கட்டினார். இரண்டடி தள்ளி நின்று கைகட்டிக் காத்திருந்தார்.

முதலில் ஒன்றுமில்லை. மேகம் விலகிச் சூரியன் நேராக விழுந்தது. கோனெங் தலையை நிமிர்த்தினான். சுருள் மெல்ல அவிழ்ந்தது. இதுவரை அது பகலில் அவிழ்ந்து அவர் பார்த்ததே இல்லை. கழுத்து நீண்டது, இடம் வலம் ஆடியது, நிழலைத் தேடுகிறவன் மாதிரி காற்றைத் துழாவியது. கொம்பின் முனைக்கு வந்து அதற்கு மேலும் போகப் பார்த்தது. வாய் லேசாகத் திறந்தது.

அந்த நேரம் பார்த்து, தலை முழுக்க சாயம் பூசி பிளாஸ்டிக் உறை மாட்டிய ஒரு பெண் காற்று வாங்க முற்றத்துக்கு வந்தாள். பார்த்தாள். கத்தினாள். சாயத்தோடு தெருவில் ஓடினாள். அவளைத் துரத்திக்கொண்டு நினிங் ஓடினாள், "கழுவலக்கா! கழுவலேன்னா முடி போயிரும்!"

சோபாந்தி எதையும் கவனிக்கவில்லை. வாசலில் சாத்தியிருந்த குடையைப் பிடுங்கி விரித்துப் பாம்புக்குப் பிடித்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் கொம்பு. அடி மேல் அடி வைத்து உள்ளே வந்தார். பெட்டிக்குள் வைத்து, தரையெல்லாம் சிந்தத் தண்ணீர் தெளித்தார்.

வெகுநேரம் கழித்துக் கோனெங் பழையபடி மடிந்து உட்கார்ந்தான். தன் சுருளில் நின்ற ஒரு சொட்டில் வாயை வைத்தான். தாடை மெதுவாக அசைந்தது. குடிக்கிறான்.

"குடிடா," என்றார் சோபாந்தி. "குடி. இனிமே வெயிலே வேணாம். பச்சையாவே இரு. உயிரோட இரு."

கதவருகே நினிங் நின்றிருந்தாள். கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக அந்த அறை வாசலில் ஓடாமல் நின்றாள்.

"பாம்புக்குக் குடை பிடிச்சுக்கிட்டு வர்ற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்."

அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பச்சை, பழைய படங்கள், ஹாஜி, மெஷின், எல்லாம். மெஷினைச் சொல்லும்போது நினிங் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவகிட்ட சொல்லிடுங்க காங்."

"என்னன்னு சொல்றது? அப்படியே இருக்கணும்னு எழுதியிருக்கா, பாரு. மூணு வாரமா பொய்ப் படம் அனுப்பிட்டிருக்கேன்."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

சோபாந்தி குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை வண்டி ஓடாத ரோட்டுல பாம்பு வளர்க்கறவங்க கூடறாங்களாம். அங்க மஞ்சளா ஒண்ணு கிடைக்கும். இதே அளவு. வாங்கிட்டு வந்து..."

"மாத்தி வெப்பீங்களா?"

"இதை நானே வெச்சு வைத்தியம் பாத்துக்கறேன். வேன் ஷெட்டுல."

"நல்லா இருக்கே! அவளுக்குத் தெரியாதா?"

"பாம்பு மூஞ்சி எல்லாம் ஒண்ணுதானே?"

நினிங் அவரையே பார்த்தாள். "பிரசவ ஆஸ்பத்திரியில வரிசையா புள்ளைங்களைப் படுக்க வெச்சிருந்தாங்க. அதுல எது யூயூன்னு எனக்கு யாரும் சொல்லல காங்."

ஆனாலும் அவர் போனார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. கார்கள் இல்லாத சாலையில் சைக்கிள்களும் பொரித்த தின்பண்ட வண்டிகளும் நடனப் பயிற்சிக்காரர்களும். ஆலமர நிழலில் அந்தக் கூட்டம். தோளில் ஓணான், கழுத்தில் மலைப்பாம்பு, தொப்பிக்குள் என்னவோ. வேடிக்கை பார்க்கிற குழந்தைகள் ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கிறீச்சிட்டு ஓடின.

நடுவில் ஒரு குண்டு இளைஞன், வயிற்றின் மேல் ஆமையை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். எல்லோரும் அவனை 'போன்போன்' என்று கூப்பிட்டார்கள்.

சோபாந்தி கடத்தல்காரர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "தம்பி, மரப்பாம்பு ஒண்ணு வேணும். மஞ்சள் கலர். பண்ணையில பொறந்ததா, காகிதமெல்லாம் சரியா இருக்கணும். இந்த சைஸ்." போனை நீட்டினார்.

போன்போன் பார்த்தான். ஆமையை இறக்கி வைத்தான். இன்னும் கிட்டக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, 'ஐயா' என்கிற மரியாதையில் 'பாக்' என்றான்.

"பாக், இது யூயூனோட கோனெங் ஆச்சே! கண்ணுக்குப் பின்னால இந்தக் கோடு... முட்டையிலேருந்து வந்தப்ப நான்தானே கையில வாங்கினேன்!"

சோபாந்தியின் கால்கள் தாமாகவே திரும்பின. போன்போன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"நீங்கதான் அவங்க மாங்கா? எங்க வீட்ல உண்ணி வந்ததால நீங்க பாத்துக்கறீங்களே, அந்த மாங்? எதுக்கு இன்னொண்ணு? கோனெங்குக்கு என்னாச்சு?"

இனி மறைத்துப் பயனில்லை. சோபாந்தி அன்று காலை எடுத்த படத்தைத் திறந்தார். முதுகெல்லாம் பச்சை, வாழை இலைப் பச்சை. விலாவிலும் தாடையிலும் மட்டும் மஞ்சள் மிச்சம். "பாசி பிடிச்சிருச்சு தம்பி. காப்பாத்த முடியல."

போன்போன் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்தான், அவன் வாயைப் பொத்தவில்லை. கூட்டமே சிரித்தது. ஓணான் ஒன்று தோளிலிருந்து விழப் பார்த்தது.

"பாக்! எல்லாமே பச்சையாகும் பாக்! குஞ்சுல மஞ்சள், இல்ல சிவப்பு. ஒரு பருவம் வந்ததும் பச்சை. செதில் செதிலா மாறும். இதுக்குப் பேரே பச்சை மரப்பாம்பு!"

"நோயில்லையா?"

"மீசை முளைக்கறது நோயா?"

சோபாந்தி அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பல நாள் நெஞ்சில் கிடந்த கல் உருண்டது. உயிரோடு இருக்கிறான். நன்றாக இருக்கிறான். மீசை முளைக்கிறது! அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அவ ஏன் தம்பி இதைச் சொல்லல?"

"எங்களுக்கு இது சூரியன் கிழக்க வர்ற மாதிரி. சொல்லணும்னே தோணாது." போன்போன் போனை இன்னும் பிடித்திருந்தான். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது. "பாக்... இதையெல்லாம் அவளுக்கு அனுப்பலையா? அவ போன வெள்ளிக்கிழமைகூட எங்க குழுவுல எழுதினாளே. கோனெங் எனக்காகக் காத்திருக்கான், நான் போற வரைக்கும் மாற மாட்டான் போலன்னு."

சோபாந்தி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வாழ்க்கையில ஒரே தடவைதான் பாக் மாறும். முட்டையிலேருந்து வந்த நாள்லேருந்து அதைத்தான் சொல்லிட்டிருந்தா. ஒவ்வொரு செதிலா பாக்கணும்னு. முகாமுக்கே போக மாட்டேன்னு அழுதா. வாத்தியார் விடல."

உருண்ட கல் திரும்பி வந்து, முன்னைவிட ஆழமாக உட்கார்ந்தது. அப்படியே இருக்கணும்னு அவன் காதுல சொல்லுங்க. மிரட்டல் என்று நினைத்தாரே, ஆசையாக இருந்திருக்கிறது.

"மிச்சம் இருக்கற மஞ்சள் எத்தனை நாள் தாங்கும்?"

"சொல்ல முடியாது. ஒரு வாரம் இருக்கும். நாளைக்கே போனாலும் போகும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும்?"

போன்போன் உதட்டைப் பிதுக்கினான்.

சோபாந்தி எழுந்தார். "தம்பி, பாம்பை வேன்ல கொண்டு போறது எப்படி?"

*

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினார். மூடியில் துளையிட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் கொம்பைக் குறுக்கே இறுக்கி, கீழே ஈரத்துணி, போன்போன் சொன்னபடி. டப்பாவை முன் சீட்டில் வைத்துக் கட்டினார்.

நினிங் வந்து ஜன்னல் வழியாக ஒரு துணி மூட்டையை நீட்டினாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே நீட்டினாள். "வெந்நீர் பாட்டில். துண்டு சுத்தியிருக்கேன். சிவிடே மலை மேல தேயிலைக் காட்டுல குளிரும். அதுக்கு... அவனுக்கு ஆகாது."

"நீயும் வாயேன்."

"மாட்டேன். நீங்க தனியாப் போகணும் காங்."

மலை ஏறியது. தேயிலைக் காடு, மூடுபனி, கொண்டை ஊசி வளைவுகள். பாண்டுங் நகரத்து வேன் இந்தப் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு வளைவில் கோழிக்கூடையோடு ஒரு கிழவர் கை காட்டினார். பழக்க தோஷத்தில் சோபாந்தியின் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

கிழவர் ஏறி உட்கார்ந்தார். கோழி டப்பாவைப் பார்த்துக் கொக்கரித்தது.

"டப்பாவுல என்ன மாங்?"

"பாம்பு."

கிழவர் கடகடவென்று சிரித்தார். டப்பாவின் பக்கவாட்டில் ஏதோ மெல்ல நகர்ந்தது. கிழவர் சிரிப்பை நிறுத்தினார். "இங்கயே இறங்கிக்கறேன்."

"இன்னும் ஊர் வரலையே?"

"நடக்கறது உடம்புக்கு நல்லது."

இறக்கத்தில் காற்று வெப்பமானது. சாலை ஒடுங்கியது, பிறகு குண்டும் குழியுமானது. வேனை ஒவ்வொரு பள்ளத்திலும் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போகிற மாதிரி இறக்கி ஏற்றினார். வழியில் நிறுத்தி மூடியைத் தூக்கிப் பார்த்தபோது விலாவில் மஞ்சள் காலையைவிடக் குறைந்திருப்பது போலத் தோன்றியது. கண்ணின் மயக்கமாக இருக்கலாம். ஆனாலும் அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

கிராமத்துப் பள்ளிச் சுவரில் யூயூனும் தோழர்களும் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். பச்சை வேனைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த தூரிகை விழுந்தது. ஓடிவந்தாள்.

"மாங்! அம்மாவுக்கு என்னாச்சு?"

"அம்மா நல்லா இருக்கா. எல்லாரும் நல்லா இருக்கோம் நெங்." இறங்கினார். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் எதுவும் வாயில் நிற்கவில்லை. டப்பாவை வேன் படியில் வைத்து மூடியைத் திறந்தார். "நான் தப்புப் பண்ணிட்டேன்."

அவள் குனிந்தாள்.

பச்சை. முதுகு முழுக்கப் புது இலைப் பச்சை, நடுவில் வெள்ளைப் புள்ளிகள் கோத்த மாதிரி. தாடைக்கு அடியிலும் விலா ஓரத்திலும் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

"எப்ப ஆரம்பிச்சுது?" குரல் மிகச் சன்னமாக வந்தது.

"நீ போன ரெண்டாவது வாரம்."

"ஆனா போட்டோ..."

"எல்லாம் முதல் வாரத்துப் போட்டோ. நோய்னு நெனச்சேன் நெங். பாசின்னு நெனச்சேன். என்னாலதான் ஆச்சுன்னு பயந்து மறைச்சிட்டேன். நேத்துதான் தெரிஞ்சுது."

அவள் நிமிர்ந்தாள். அந்த ஒன்றரை வருட மரியாதை முகத்திலிருந்து சுத்தமாகத் துடைபட்டுப் போயிருந்தது.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த மேட்டுக்கு ஓடினேன் தெரியுமா? சேத்துல வழுக்கி விழுந்து முட்டி பேந்துது! இன்னும் மஞ்சள், இன்னும் மஞ்சள்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிக் குதிச்சேன்! ஒரே தடவைதான் மாங்! மறுபடி வராது! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ஆமா நெங்."

"என்ன ஆமா? எல்லாத்துக்கும் ஆமா! கோவமே வராதா உங்களுக்கு?"

"நீ நம்பிக் குடுத்தே. அதான் கேக்கப் பயமா இருந்துது."

அவள் விருட்டென்று திரும்பிப் பள்ளிக்குப் பின்னால் போய்விட்டாள். தோழர்கள் தூரிகையும் கையுமாக நின்றார்கள். சோபாந்தி டப்பாவை நிழலுக்கு நகர்த்தினார். வெந்நீர் பாட்டிலை எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. காட்டியாயிற்று. இனி பாம்பைத் திரும்பக் கொண்டு போகச் சொன்னால் போக வேண்டியதுதான்.

அவள் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். வேன் படியில், டப்பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பாம்பையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"முதல்ல எங்க வந்துது?"

"என்னது?"

"பச்சை. முதல் செதில். எங்க?"

சோபாந்தி யோசிக்கவே இல்லை. "நடு முதுகுல. முதுகெலும்புக்கு இடது பக்கம், வெள்ளைப் புள்ளி மூணு சேந்தாப்புல இருக்கே, அதுக்குப் பக்கத்துல. ஒரே ஒண்ணு. கொத்தமல்லி ஒட்டிக்கிட்டிருக்குன்னு நெனச்சு ஊதினேன்."

"ஊதினீங்களா?"

"போகல. அவன் என்னை முறைச்சான்."

அவள் உதட்டோரம் அசைந்தது. "எந்த மாதிரிப் பச்சை? இந்தப் பச்சையா?"

"இல்லல்ல. முதல்ல ஒரு மாதிரி அழுக்குப் பச்சை. பழுக்காத எலுமிச்சங்கா நிறம். அதனாலதான் பாசின்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல அது தெளிஞ்சுது. ஆனா அதுக்குள்ள பக்கத்துச் செதில் அழுக்காச்சு. ஒண்ணு தெளிய, ஒண்ணு அழுக்காக... மழை பெய்யற அன்னிக்கு வேகமா பரவற மாதிரி இருந்துது. அது என் பயமோ என்னமோ."

"நீங்க தினமும் பாத்தீங்களா?"

"தினமுமா? காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னால, மத்தியானம் சாப்பிட வந்தப்ப, சாயங்காலம். எங்க எங்க பரவுதுன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். கண்ணை மூடினா அதான் தெரியும் நெங். ஒவ்வொரு செதிலும்."

அவள் முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டாள். கோனெங் தாடையைச் சுருளின் மேல் சாய்த்து, தோலில் நின்ற சொட்டைக் குடித்தான். குடிக்கும்போது தொண்டையின் மஞ்சள் மேலும் கீழும் அசைந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

தோழிகள் ஒவ்வொருவராக வந்து வேனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "ஏய், இவனா உன் மஞ்சள்காரன்? பச்சையா இருக்கானே!" என்றாள் ஒருத்தி.

"உக்காருங்கடி, சத்தம் போடாம," என்றாள் யூயூன். "மாங், இவங்களுக்கும் சேத்துச் சொல்லுங்க. முதல்லேருந்து. ஒரு நாள்கூட விடக் கூடாது."

சோபாந்தி தொண்டையைச் செருமினார். செவ்வாய்க்கிழமைக் காலையின் மழையிலிருந்து ஆரம்பித்தார். கொத்தமல்லியைச் சொன்னார், ஊதியதைச் சொன்னார், பக்கத்துச் செதில் அழுக்கானதைச் சொன்னார். கைகள் காற்றில் பாம்பின் முதுகை வரைந்தன.

"கழுத்துக்கு எப்ப வந்துது மாங்? வாலுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"இரு நெங், குறுக்க பேசாதே," என்றார் சோபாந்தி. "கழுத்துக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு."